ஸ்டென்ட்டா, பைபாஸா, மாத்திரை போதுமா: அப்பாவின் ஆஞ்சியோ சிடியோடு அலைந்த மூன்று வாரங்கள்

"அரை மணி நேரத்துல முடிவு சொல்லுங்கம்மா. ஐயா இன்னும் டேபிள்லதான் இருக்காரு. இப்பவே ஸ்டென்ட் வச்சிட்டா இன்னொரு தடவை குத்த வேண்டியதில்ல."

இதயக் குழாய்களைப் படமெடுக்கும் கேத் லேப் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு ஒரு தம்பி இப்படிச் சொன்னபோது, அம்மா என் கையைப் பிடித்த பிடியில் அவள் வளையல் என் மணிக்கட்டில் பதிந்துவிட்டது. "கத்தி படாம முடிஞ்சா போதும்டி, கையெழுத்துப் போட்டுடு" என்றாள். எனக்கும் பேனாவை வாங்கிவிடத்தான் தோன்றியது. சென்னையில் தினமும் எத்தனையோ குடும்பங்கள் இப்படி ஒரு கதவுக்கு வெளியே நின்று, அடுத்த பத்து வருஷத்துக்கான முடிவை அரை மணி நேரத்தில் எடுக்கின்றன. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அப்பாவின் சிடியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு டாக்டராகப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்ட மகள், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அப்போது 63 வயது. மின்ட் தெருப் பக்கம் ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனியில் பைண்டிங் வேலை பார்த்து ஓய்ந்தவர். 16 வருஷச் சர்க்கரை. பெரம்பூர் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பாதி ஏறும்போது நடு நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இறுக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடும். மூன்று மாதம் அதை வாயு என்றே சொல்லிக்கொண்டு பூண்டுப் பாலும் ஜெலுசிலும் குடித்தார். உழைக்கும்போது வந்து, நின்றால் போய்விடும் நெஞ்சிறுக்கம் வாயு இல்லை, இதயத் தசைக்குப் போதுமான ரத்தம் போகவில்லை என்பதன் அடையாளம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பார்க்கும் டிஎம்டி, எக்கோ ஸ்கேன், கடைசியில் மணிக்கட்டு வழியாகச் சாயம் விட்டு இதயக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ. மூன்று குழாயிலும் அடைப்பு. முன்பக்கம் இறங்கும் எல்ஏடியில் 90 சதவீதம், வலது குழாயில் 80, பின்னால் சுற்றிப் போவதில் 70. குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் மூன்று வைக்க வேண்டும் என்றார்கள்.

கையெழுத்துக்கு முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். அவர் வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சார், இன்னிக்கு இப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா உயிருக்கு ஆபத்தா?" அவர் நேர்மையாகத்தான் பதில் சொன்னார். "இன்னிக்கே ஆபத்துன்னு சொல்ல மாட்டேன். இசிஜி மாறல, ட்ரோபோனின் ஏறல. ஆனா மாசக்கணக்குல தள்ளிப் போடாதீங்க." (ட்ரோபோனின் என்பது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் பொருள்.) அந்தப் பதில்தான் எங்களுக்குக் கிடைத்த மூன்று வாரம்.

ஸ்டென்ட்டா பைபாஸா என்பது இரண்டாவது கேள்வி. வந்திருப்பது அட்டாக்கா, இல்லை நாள்பட்ட அடைப்பா என்பதுதான் முதல் கேள்வி. என் மாமா விஷயத்தில் யோசிக்க நேரமே இல்லை. வில்லிவாக்கத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தவர், பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை, வலி நெஞ்சிலிருந்து தாடைக்கும் இடது கைக்கும் ஏறியது. அத்தை 108-ஐக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்த கையோடு கேத் லேபுக்குள் கொண்டுபோய், முழுசாக மூடிப்போன குழாயைத் திறந்து ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அது சரியான முடிவு. அந்த நேரத்தில் "வேற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறோம்" என்று சொல்வதுதான் தவறு. குழாய் மூடிய நிமிஷத்திலிருந்து தசை செத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே ஒப்பிட வேண்டியவை இரண்டே இரண்டு: உடனே ஆஞ்சியோபிளாஸ்டி (மாமாவுக்குச் செய்தது போலக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது), அல்லது ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேப் கிடைக்குமானால் ஆஞ்சியோபிளாஸ்டி. கிடைக்காது என்றால் இருக்கும் இடத்திலேயே ஊசியைப் போட்டுவிட்டு, ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும். சென்னைக்குள் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வழி எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆட்டோவில் நாலு கிளினிக் ஏறி இறங்காமல் இருந்தால்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் மாமாவுக்கு வந்த மாதிரி வலி வராமலே அட்டாக் வரலாம். வெறும் மூச்சுத் திணறல், குமட்டல், காரணமில்லாத வியர்வை, மேல் வயிற்றில் எரிச்சல், இவ்வளவுதான் இருக்கும். ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சில் ஏதோ செய்து, கால் மணி நேரமாகியும் விடவில்லை என்றால் அது எதுவாக இருந்தாலும் ஒரு இசிஜி எடுக்கும் வரை அட்டாக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அப்பா மாதிரி, நேரம் இருக்கிறவர்களுக்கு.

நாங்கள் முதலில் பார்த்த வழி, ஒன்றுமே செய்யாமல் மாத்திரையோடு இருந்துவிடுவது. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் "90 சதவீத அடைப்பை வச்சிக்கிட்டு மாத்திரையா?" என்று பதறுகிறார்கள். ஆனால் மருந்தை ஏழையின் வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் முடிவு வெளியான இஸ்கீமியா என்ற பெரிய ஆய்வில் 5,179 பேரைப் பார்த்தார்கள். எல்லோரும் நாள்பட்ட அடைப்பு உள்ளவர்கள். முதலிலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும், நல்ல மருந்தோடு இருந்தவர்களுக்கும் சாவிலும் அட்டாக்கிலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. நெஞ்சுவலி குறைவதில்தான் வித்தியாசம். அடிக்கடி வலி வந்தவர்களுக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ நல்ல நிம்மதி கொடுத்தது.

ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டபோதுதான் எனக்குப் பயம் பாதி போனது. அட்டாக் என்பது பெரும்பாலும் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடி நூறு சதவீதத்தைத் தொடுவதால் வருவதில்லை. குழாய்ச் சுவரில் இருக்கும் கொழுப்புப் படிவு ஒன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிஷத்தில் அடைத்துக்கொள்கிறது. வெடிக்கிற படிவு 40 சதவீத அடைப்பாகக்கூட இருக்கலாம். அதற்கு யாரும் ஸ்டென்ட் வைப்பதில்லை. அதைக் காப்பது ராத்திரி போடும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ஆஸ்பிரின், பிரஷர், சர்க்கரைக் கட்டுப்பாடு, பீடி சிகரெட்டை விடுவது. ஆகவே மருந்து என்பது மூன்றில் ஒரு வழி இல்லை. ஸ்டென்ட் வைத்தாலும் பைபாஸ் செய்தாலும் அடியில் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மருந்து மட்டும் போதாது என்பவர்களும் இருக்கிறார்கள். இடது பக்கம் எல்லாக் குழாய்க்கும் தலைவாசலான லெஃப்ட் மெயினில் கணிசமான அடைப்பு இருந்தால், அடைப்பால் இதயத்தின் பம்பிங் குறைந்துபோயிருந்தால், மருந்தைச் சரியாகப் போட்டும் வலி விடவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. இஸ்கீமியா ஆய்விலேயே லெஃப்ட் மெயினில் கணிசமான அடைப்பு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு லெஃப்ட் மெயின் சுத்தம், பம்பிங் 50 சதவீதம், கிட்டத்தட்ட இயல்பான அளவு. ஆனால் இரண்டு மருந்தைக் கூட்டியும் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடக்கிற தூரத்திலேயே இறுக்கியது. மூன்று குழாயும் கெட்டிருந்தது. ஆக, மாத்திரை மட்டும் என்பது எங்களுக்குக் கைகொடுக்கவில்லை.

மிச்சம் ஸ்டென்ட், பைபாஸ்.

ஸ்டென்ட்டின் வசதியை மறுக்க முடியாது. மணிக்கட்டில் ஒரு துளை, முழு மயக்கம் இல்லை, ஓரிரு ராத்திரி தங்கினால் வீடு, ஒரு வாரத்தில் வழக்கமான நடமாட்டம். ஒன்று அல்லது இரண்டு குழாயில், குட்டையான அடைப்பு என்றால் பெரும்பாலும் பைபாஸைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. நுரையீரல் பலவீனமானவர்கள், முன்னாலேயே பக்கவாதம் வந்தவர்கள், தள்ளாத வயதுக்காரர்கள் இவர்களுக்கும் பெரிய அறுவையைத் தவிர்ப்பதே நல்லதாக இருக்கலாம். பைபாஸ் என்றால் நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறக்கிறார்கள், அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதையாகத் தைக்கக் காலிலிருந்து ரத்தநாளத்தை எடுக்கிறார்கள், ஒரு வாரம்போல ஆஸ்பத்திரி வாசம், எலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம். நல்ல இடத்தில், திட்டமிட்டுச் செய்யும்போது உயிருக்கு ஆபத்து நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு என்றார்கள். அம்மா சொன்னதுபோல் கத்தி படாமல் முடிவது நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியது.

அந்த எண்ணத்தை மாற்றியது நாங்கள் மூன்றாவதாகப் பார்த்த டாக்டர். சிடியை ஓடவிட்டு, அப்பாவையே திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். கறுப்பு வெள்ளையில் குழாய்கள் துடித்தன. "ஐயா, இந்த இடத்துல நல்லா சுருங்கியிருக்கு, தெரியுதா? இப்ப அதுக்குக் கீழ பாருங்க. அங்கயும் குழாய் வழவழன்னு இல்ல. பாம்பு மாதிரி நெளிஞ்சு, மேடு பள்ளமா இருக்கு. இது சர்க்கரை பண்ண வேலை." பிறகு அப்பாவிடம் கேட்டார், "கோயம்பேட்டுல டிராஃபிக் ஜாமுன்னா என்ன பண்ணுவீங்க?" அப்பா விழித்தார். டாக்டரே சொன்னார்: ஸ்டென்ட் என்பது கோயம்பேடு சிக்னலை மட்டும் அகலப்படுத்துவது. அடுத்த வருஷம் வடபழனியில் ஜாம் ஆனால் அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும். பைபாஸ் என்பது பெருங்களத்தூரில் ஏறி நேராகப் புழலில் இறங்குவது. நடுவில் ஊருக்குள் புதிதாக எத்தனை இடத்தில் ஜாம் ஆனாலும் அந்த வண்டிக்குக் கவலையில்லை. சர்க்கரைக்காரர்களின் குழாயில் புதுப்புது இடங்களில் அடைப்பு வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அவர்களுக்கு மூன்று குழாய் அடைப்பென்றால் பைபாஸ் அதிக காலம் தாங்குகிறது.

அவர் சொன்னதற்கு 2012-ல் வந்த ஃப்ரீடம் ஆய்வு ஆதாரம். பல குழாய் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளைப் பார்த்து, ஐந்து வருஷத்துக்கான கணக்கைப் போட்டார்கள். சாவு, அட்டாக், பக்கவாதம் மூன்றையும் சேர்த்து எண்ணியபோது ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 18.7 சதவீதம். பைபாஸ் எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை என்பதையும் அந்த டாக்டர் மறைக்கவில்லை. பக்கவாதத்தை மட்டும் எடுத்தால் ஸ்டென்ட்டில் 2.4, பைபாஸில் 5.2. அப்பாவின் கழுத்து ரத்தக் குழாய்களை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினார்.

பைபாஸ் என்று போட்டதெல்லாம் ஒன்றுபோல் உழைப்பதில்லை. மார்புக்கூட்டின் உட்பக்கம் இடப்புறமாக ஓடும் லிமா என்ற தமனியை எல்ஏடியில் இணைத்தால், பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுக்கும் நாளத்தில் கிட்டத்தட்ட பாதி அதற்குள் அடைத்துவிடும். ஆகவே அறுவை மருத்துவரிடம் "லிமா போடுறீங்களா சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. இதய மருத்துவரிடம் சின்டாக்ஸ் மதிப்பெண்ணைக் கேளுங்கள். அடைப்புகளின் சிக்கலை அளக்கும் எண் அது. 22 வரை என்றால் சிக்கல் குறைவு, 33-ஐத் தொட்டால் பைபாஸ் பக்கம் தராசு நன்றாகச் சாய்கிறது. "எத்தனை சதவீதம்?" என்று எல்லோரும் கேட்கிறோம். எங்கே, எத்தனை குழாயில், எவ்வளவு நீளத்துக்கு, சர்க்கரை உண்டா, பம்பிங் எவ்வளவு என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னால் வீட்டில் பேச வேண்டிய இன்னொரு விஷயம் மாத்திரை ஒழுங்கு. ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் அல்லது டைகாக்ரிலார், இரண்டையும் சேர்த்துப் பொதுவாக ஆறு மாதம், அட்டாக்குக்குப் பிறகு என்றால் ஒரு வருஷம், ஒரு நாள் விடாமல் போட வேண்டும். மாமா ஏழாவது மாதம் பல் பிடுங்கப் போனவர், ரத்தம் நிற்காதே என்று தானாகவே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். நல்லவேளை, அத்தை டாக்டரைக் கேட்டுவிட்டாள். மாத்திரையோடேயே பல்லை எடுத்துப் பஞ்சு வைத்து அமுக்கி அனுப்பினார்கள். பாதியில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து, முதல் அட்டாக்கைவிட மோசமானது வரலாம். ஆகவே சீக்கிரம் ஹெர்னியா ஆபரேஷன் இருக்கிறது, வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு இருந்தது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடுதலாக இருப்பவர்கள் ஆஞ்சியோ சாயத்துக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும்.

நடுவில் ஒரு சொந்தக்காரர் ஈஈசிபி பற்றிய நோட்டீஸ் கொண்டுவந்தார். காலிலும் இடுப்பிலும் பட்டைகளைக் கட்டி, இதயத் துடிப்புக்கு ஏற்ப அமுக்கிவிடும் சிகிச்சை, தினம் ஒரு மணி நேரமாக 35 நாள். ஸ்டென்ட்டும் பைபாஸும் செய்ய முடியாதவர்களுக்கு வலியைக் குறைக்க அது உதவலாம். அடைப்பை அது கரைக்காது. 'ஆபரேஷன் இல்லாமல் அடைப்பு நீங்கும்' என்ற விளம்பரத்தை நம்பி மூன்று குழாய் அடைப்போடு மாதங்களைக் கழிக்காதீர்கள்.

அடுத்தது காசு. பைபாஸ் என்றதும் வீட்டை அடகு வைக்க வேண்டும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆஞ்சியோபிளாஸ்டியும் பைபாஸும் இரண்டுமே அதில் வரும். அரசு மருத்துவமனையில் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியாரிலும் செல்லும். எங்களிடம் அட்டை இல்லை. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் திட்ட மையத்துக்குப் போய் வாங்கினோம். வருமானச் சான்றுக்குத்தான் நாளாகிறது, அதனால் நெஞ்சுவலி வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். ஸ்டென்ட் விலையைக் காட்டி யாரும் உங்களை மிரட்ட முடியாது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை ஆணையம் மருந்து பூசாத ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. அந்தத் தொகை பிறகு மாறிவந்தாலும் உச்சவரம்பு இருந்துகொண்டுதான் இருக்கிறது. பில்லில் ஸ்டென்ட் பெயரும் விலையும் தனியாக வர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அரசா தனியாரா என்பதில் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஓமந்தூரார், ஸ்டான்லி போன்ற இடங்களில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்க இதையே செய்பவர்கள். இந்த ஊருக்கு இதில் பழக்கம் புதிதும் இல்லை. இந்தியாவில் முதன்முதலாக 1975-ல் பைபாஸ் நடந்தது எங்கள் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான், செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். அதைச் சொல்லித்தான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தோம். "நம்ம தெருவுக்குப் பின்னாடி ஆரம்பிச்ச வைத்தியம்ப்பா" என்றேன். அரசில் வரிசையும் காத்திருப்பும் உண்டு, கூடவே இருந்து ஓட ஒரு ஆள் வேண்டும், ரத்தம் கொடுக்க ஆட்களைத் திரட்ட வேண்டும். தனியாரில் தேதி சீக்கிரம் கிடைக்கும், பேச நிதானமான இடம் கிடைக்கும், பணம் போகும். காத்திருக்கத் தாங்கும் உடம்பா என்பதை டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கட்டடத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.

நாங்கள் அரசில், காப்பீட்டு அட்டையில், பைபாஸ் செய்தோம். நாலு இணைப்பு, அதில் ஒன்று லிமா.

அதன் பிறகு நடந்ததை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அப்பா முதல் நாள் முழுக்க அதை ஊதிக்கொண்டிருந்தார். ஒரு பந்தும் அசையவில்லை. அது ஊதுவதற்கு இல்லை, மூச்சை உள்ளே இழுப்பதற்கு என்று பக்கத்துப் படுக்கைக்காரர்தான் காட்டிக்கொடுத்தார். இருமும்போது நெஞ்சோடு ஒரு தலையணையை இறுக்கி அணைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எலும்பு பிளக்கிற மாதிரி வலி. இரண்டாவது வாரம் அப்பா காரணமில்லாமல் அழுதார், சோறு இறங்கவில்லை. பைபாஸுக்குப் பிறகு பலருக்கு இப்படி ஆகும், சில வாரங்களில் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அம்மா தூங்கினாள். இரண்டு மாதம் குடம் தூக்கவில்லை, வண்டி ஓட்டவில்லை.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. பெரம்பூர் மேம்பாலத்தில் போன வாரம் நிற்காமல் ஏறி, மேலே போய்த் திரும்பி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நாளம் எடுத்த வலது காலில் மட்டும் சாயங்காலமானால் வீக்கம் வருகிறது. காலுக்குக் கீழே அந்தப் பழைய தலையணையைத்தான் வைத்துக்கொள்கிறார்.